பழைய பாறை இல்லாத கரையிலிருந்து ஆதிப் பூமியை ஆய்வது

ஆதிப் பூமியின் புவி இரசாயனத்தில் பல்கலைக்கழக ஆய்வுப் பதவி தேடும் புத்தளம் பிள்ளைகள் பலரைத் தடுப்பது ஒரே எண்ணம்தான்: எங்கள் பக்கம் அந்தக் காலத்துப் பாறையே இல்லையே. உண்மை. அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டி எடுக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அதன் வயது 2.3 கோடி ஆண்டுகளைத் தாண்டாது. கற்பிட்டி மணல் அதைவிடவும் நேற்றையது. நாங்கள் ஆதிப் பூமி என்று சொல்வதோ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தை. ஆனாலும் இந்தத் துறையில் எனக்குத் தெளிவானது இதுதான்: பழைய பாறையின் மேல் வளர்ந்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு மாதிரியின் இரசாயனத்தில் எது பிறவிக் குணம், எது பின்னால் ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பயிற்சிக்குப் புத்தளம் கரை நல்ல இடம்.

இந்தத் துறையின் பெரிய முடிவுகளும் பெரிய சண்டைகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன. 2001இல் அறிவிக்கப்பட்ட மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்க்கோன் மணி சுமார் 440 கோடி ஆண்டு வயதுடையது. அது கிடைத்த படிவுப் பாறை அதைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. அந்த வயதை எப்படி நம்புவது? யுரேனியம் 238 ஈயம் 206 ஆகவும், யுரேனியம் 235 ஈயம் 207 ஆகவும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. இரண்டு கணக்கும் ஒரே வயதைச் சொன்னால் மணி குலையாமல் இருக்கிறது என்று பொருள். விலகினால் பெரும்பாலும் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது. எங்கள் நாடான இலங்கையிலேயே இதற்குப் பாடம் உண்டு. 1987இல் குரோனர் என்ற புவியியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், அவர்களில் பேராதனையின் விதானகேயும் ஒருவர், மலைநாட்டு உருமாறிய பாறைகளின் சிர்க்கோன்களில் 320 கோடி ஆண்டு வரை பழைய மணிகளைக் கண்டார்கள். அந்தப் பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறியது 110 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும் கணித்தார்கள். 1993இல் குரோனரும் வில்லியம்ஸும் அதைத் திருத்தி, உருமாற்றம் 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று காட்டினார்கள். பாறை மாறவில்லை, வாசிப்பு கூர்மையானது. கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் 370 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்ப் படிவுகள் என்று 2016இல் சொல்லப்பட்டவை, பாறை நெரிந்ததால் வந்த வடிவங்களே என்று 2018இல் வேறொரு குழு எழுதியது.

இந்த வாசிப்பைப் பழகப் புத்தளம், பாலாவி உப்பளங்களுக்குப் போங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகரும்போது முதலில் சுண்ணம் படிகிறது. மூன்று நான்கு மடங்கு செறிந்ததும் ஜிப்சம். ஏறத்தாழ பத்து மடங்கில்தான் கறியுப்பு. உப்பளத்தார் அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பது இந்த வரிசையைத்தான். இடைப்பட்ட பாத்திகளின் அடியில், நுண்ணுயிர்ப் படை பிடித்த இடத்தில், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு சிறு துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே ஜிப்சப் பொருக்கு, அதன் கீழ் பச்சைப் படை, அதற்கும் கீழே ஊதா, அடியில் அழுகிய முட்டை வாடையோடு கறுப்பு. சில மில்லிமீற்றருக்குள் ஒட்சிசன் உள்ள உலகமும் இல்லாத உலகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தத் துண்டை வெயிலில் ஒரு நாள் வைத்தால் கறுப்பு பழுப்பாகும். இரும்புச் சல்பைட்டு ஒட்சியேறிவிட்டது. மாதிரி உங்கள் கையிலேயே பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. எடுத்த நேரம், நீரின் வெப்பம், செறிவு, மூடி வைத்த விதம், எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். மாதிரி இல்லாத வெறும் குப்பி ஒன்றையும் அதே நடைமுறைக்கு உட்படுத்துங்கள். மாதிரியைக் கரைக்கும் அமிலத்தில் இருந்தும் கையில் இருந்தும் எவ்வளவு ஏறியது என்பதை அந்த வெற்றுக் குப்பிதான் சொல்லும்.

இன்றைய உப்பளம் ஆதிக் கடல் அல்லவே என்பது நியாயமான ஆட்சேபம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை வளியில் ஒட்சிசன் இல்லாத நிலை, கடலில் சல்பேற்றும் மிகக் குறைவு, ஆகவே இந்த ஜிப்ச வரிசை அன்று இப்படி இருந்திருக்காது. உப்பளத்தை ஆதிக் கடலின் நகலாக நினைப்பவர் பிழைவிடுவார். எந்த நிபந்தனையில் எது படிகிறது என்று இங்கே தெரிந்தவருக்கு, ஒன்று படியாமல் போனதன் காரணத்தையும் கேட்கத் தெரியும்.

கருவி இல்லை, பொருத்தமான பட்டம் இல்லை என்ற குறையும் உண்டு. சமதானிகளை அளக்கும் திணிவு நிறமாலைமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கருவியை இயக்க எவருக்கும் பழக்கிவிடலாம்; சந்தேகப்படப் பழக்குவது கடினம். காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது தத்துவம். இரசாயனத்துக்கு லண்டனில் வந்து, பேர்க்லியில் 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவுஸ்திரேலியாவில் 1969இல் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் உண்டென்று அவர் குழு 1970இல் எழுதியபோது, அது கைபட்ட அழுக்கல்ல என்பதற்கு வலுவான சான்று தந்தது: இடக்கை வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. உயிர்கள் தரும் புரதத்தில் அப்படி இருக்காது. பின்னர் அவர் கண்டி அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார்.

ஊரில் கிணற்று நீரே கெட்டுக்கிடக்க நானூறு கோடி ஆண்டுக் கதை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மதிக்கிறேன். கற்பிட்டி மணலில் உரம் கசிந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது அறியப்பட்ட விஷயம். அது உரத்திலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா என்று பிரிக்க உதவுவதும் நைதரசன், ஒட்சிசன் சமதானிகளே; அங்கும் கேள்வி எது முதலில் இருந்தது, எது பின்னால் ஏறியது என்பதே. ஆகவே விண்ணப்பக் கடிதத்தில் ஆர்வத்தைப் பற்றிப் பக்கம் நிரப்பாதீர்கள். நீங்கள் எடுத்த ஒரு மாதிரியைச் சொல்லி, அதில் எதை நம்புகிறீர்கள், எதை நம்பவில்லை, எந்த அளவீடு இருந்தால் முடிவு செய்யலாம் என்று ஒரு பந்தியில் எழுதி, மேற்பார்வையாளரின் எந்தக் கட்டுரையோடு அது பொருந்துகிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.