கட்டளையை மீறுகிறவன் யார்?

கொரோனா நாட்களில் சிலர் ஒழுங்கைக் கைக்கொண்டார்கள், சிலர் மீறினார்கள். "ஜனங்களுக்குப் பயமே இல்லை" என்று சொல்லிட்டுப் போவது சுலபம். காரணத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

1. பசி: 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருந்தார். தோணிரேவில் அன்றாடம் வலை போட்டு உலை வைக்கிறவர் என்ன பண்ணுவார்? ரேஷனில் கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்?

2. கலக்கம்: சென்னையில் ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு. அறிவிப்பு வந்ததோ 24-ந்தேதி. 25-ந்தேதி ஜனங்கள் கடைகளில் முண்டியடித்தார்கள். கூட்டத்தைத் தடுக்க வந்த கட்டளையே கூட்டத்தைக் கூட்டிற்று!

3. சந்தேகம்: 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பால் மரித்தார். வதந்தி உடனே பரவியது. தடுப்பூசி காரணமல்ல என்ற ஆய்வு முடிவோ அக்டோபரில்தான் வந்தது.

4. பங்கு: பழவேற்காடு ஏரியில் சில குப்பங்களின் பாடு முறையைக் கவனியுங்கள். சீட்டுப் போட்டு, மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். போலீஸ் நிற்காமலே அது நடக்கிறது. ஏன்? தாங்களே வகுத்த ஒழுங்கு. நாளைக்குத் தங்கள் முறையும் வரும். பங்கு கிடைக்காதவர்களோ அதை எதிர்க்கிறார்கள்.

ஆகையால், அடுத்த தொற்று வரும்போது, மீறினவனை ஏசுமுன்னே கேளுங்கள்: அவன் வீட்டில் அரிசி இருக்கிறதா? விவரத்தை அவனுக்கு யார் சொன்னது? அந்த ஒழுங்கில் அவனுக்கும் பங்கு உண்டா? வெறுங்கையாய்ப் போய்ப் புத்தி சொல்லாதீர்கள்; அரிசியோடு போங்கள்.