டீசல் எண்ணெயும் அதிற் கலக்கும் சேர்மானங்களும்

நெல்லையும் மரக்கறியையும் விளைவிப்பது கமத்தின் ஒரு பாதி. அவற்றைக் கெடாமற் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பது மறு பாதி. காய்ந்த நெல் சில நாட் பொறுக்கும். பறித்த தக்காளியும் கீரையும் போஞ்சியும் பொறுக்கமாட்டா. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கி இரவிற் புறப்பட்ட பிக்கப் வாகனம் வழியில் நின்றுவிடுமாயின், அன்றைய விலையும் போய்ச் சுமையும் வாடிவிடும். டீசல் இயந்திரம் இவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள் எரிபொருளில் உள்ள நீரும் அழுக்கும் முதன்மையானவை.

இக்காலத்தில் டீசலிற் கலப்பதற்கெனப் பலவகைச் சேர்மானங்கள் போத்தல்களில் விற்கப்படுகின்றன. எண்ணெய் மிச்சமாகும், புகை குறையும், இழுவை கூடும் என அவற்றின் சிட்டைகள் கூறும். இவற்றுட் சில பயனுடையன. சில இந்நாட்டுக்கு வேண்டாதன. சில தீங்கு செய்வன. எந்தச் சேர்மானமும் சுத்தமான டீசலுக்கு ஈடாகாது என்பதைக் கமக்காரர் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

டீசல் இயந்திரத்தின் இயல்பு

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. டீசல் இயந்திரத்தில் மின்பொறி இல்லை. சிலிண்டரினுட் புகுந்த காற்று ஏறத்தாழ 14 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடாகின்றது. அச்சூட்டில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகின்றது. செருமானியப் பொறியியலாளராகிய றுடோல்ப் டீசல் 1897 இல் வெற்றியாக இயக்கிக் காட்டிய முறை இதுவே.

டீசலைத் தெளிக்கும் உறுப்பைக் கராச்சுகளில் இஞ்செக்டர் என்பர். அதற்கு எரிபொருளை அமுக்கி அனுப்புவது டீசல் பம்பி. இவற்றின் உள்ளுறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே. தலைமயிரின் தடிப்பு அதனிலும் பல மடங்கு பெரிது. கார் டயரில் உள்ள காற்றின் அமுக்கம் 2 அல்லது 3 பார் மாத்திரமே. புதிய பிக்கப் வாகனங்களின் பம்பியிலோ அமுக்கம் 1,600 பாருக்கு மேலும் செல்வதுண்டு. இவ்வுறுப்புகளிற் பலவற்றுக்கு டீசலே மசகெண்ணெயுமாகும். ஆதலால் டீசலுடன் செல்லும் நீர்த்துளி துருவையும், தூசு தேய்வையும் உண்டாக்கும்.

நீர் சேரும் வழி

குறைந்த எரிபொருளுடன் இரவில் நிற்கும் வாகனத்தின் தாங்கியில் ஈரக்காற்று நிறைந்திருக்கும். குளிர் ஏற அவ்வீரம் தாங்கியின் சுவரில் வியர்த்து டீசலினுள் வடியும். வெளியில் நிமிர்த்தி வைக்கப்பட்ட பீப்பாவின் மேற்புறத்தில் மழைநீர் தேங்கும். வெயிலிற் சூடேறிய பீப்பா குளிரும்போது, இறுக்கமற்ற மூடியின் வழியே அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்திற் பலர் கான்களிலும் பீப்பாக்களிலும் டீசலைச் சேமித்தனர். அவ்வழக்கத்தைக் கைவிடாதோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

நீர் டீசலிலும் பாரமானது. ஆகவே அடியிற் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்திற் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளர்ந்து, கருநிறப் பாசிபோன்ற கசடாகி வடிகட்டியை அடைக்கும்.

சோதிக்கும் முறை எளிது. கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் டீசலை எடுத்து ஓர் இரவு அசையாமல் வைத்தல் வேண்டும். நல்ல டீசல் கலங்கலின்றித் தெளிவாக இருக்கும். அடியில் வேறொரு படை தோன்றினால் அது நீர்.

சேர்மானங்களின் வகைகள்

நீர் பற்றியன: இவை இருவகைப்படும். ஒருவகை நீரை டீசலிலிருந்து பிரித்து அடியிற் தங்கச் செய்யும். அதனைத் திருகாணி வழியாக வடித்துவிடலாம். மறுவகை நீரை நுண்துளிகளாக டீசலுடன் கலந்துவிடும். அந்நீர் வடிகட்டியைக் கடந்து இஞ்செக்டரை அடைந்து அதன் நுனியைக் கெடுக்கும். மதுசாரம் கலந்த சேர்மானங்களும் டீசலின் வழவழப்பைக் குறைப்பதால் விலக்கத்தக்கன. வாங்குவோர் முதல் வகையையே கேட்டு வாங்குக.

துப்புரவாக்குவன: இஞ்செக்டரின் துளைகளிற் படியும் கரியை இவை சிறிது சிறிதாக அகற்றும். நெடுங்காலம் ஓடிய வாகனத்தில் இவற்றால் நன்மை உண்டு. தேய்ந்துபோன இஞ்செக்டரை இவை புதிதாக்கமாட்டா.

சீற்றேன் எண்ணை உயர்த்துவன: டீசல் எவ்வளவு விரைவிற் பற்றும் என்பதைக் காட்டுவது சீற்றேன் எண். எண் குறைந்த டீசலால் இயந்திரம் தொடங்கச் சிரமப்படுமாயின் இவை உதவும். போதிய எண்ணுடைய டீசலிற் கலப்பதால் இழுவை கூடாது; பணமே செலவாகும். பெற்றோலுக்குரிய ஒக்டேன் சேர்மானத்தை டீசலில் ஒருபோதும் இடலாகாது.

வழவழப்பூட்டுவன: டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது அதன் இயற்கை வழவழப்பும் குறைகின்றது. அக்குறை பெரும்பாலும் விநியோகத்துக்கு முன்னரே நிரப்பப்படுகின்றது. ஆதலால் நம்பத்தக்க இடத்திற் டீசல் வாங்குவோருக்கு இது பெரிதும் வேண்டியதில்லை.

பூஞ்சணங் கொல்லிகள்: கசடு கண்டபோது மாத்திரம் பயன்படுத்தத் தக்கன. இவை நஞ்சு, பீடைகொல்லிக்குரிய கவனம் இவற்றுக்கும் வேண்டும். இறந்த கசடும் வடிகட்டியை அடைக்குமாதலால், தாங்கியையும் கழுவுதல் இன்றியமையாதது.

உறைவைத் தடுப்பன: குளிர்நாடுகளிற் டீசலில் உள்ள மெழுகு உறைவதைத் தடுப்பதற்கானவை. வறண்ட வலயக் கமக்காரருக்கு இவற்றால் யாதொரு பயனுமில்லை.

வேண்டாத கலப்புகள்

மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதனை டீசலுடன் கலக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விலை எவ்வாறாயினும் இக்கலப்பு தீதே. மண்ணெண்ணெய் மெல்லியது, வழவழப்புக் குறைந்தது, பம்பியை விரைவிற் தேய்ப்பது. பெற்றோல் கலந்த டீசல் எளிதிற் தீப்பற்றும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். கழித்த இயந்திர எண்ணெயில் உலோகத்தூள் உண்டு; எவ்வளவு வடித்தாலும் அது முற்றாக நீங்காது.

அளவும் கலக்கும் முறையும்

சேர்மானம் வாங்குமுன் வாகனத்தின் கைந்நூலைப் பார்த்தல் வேண்டும். சில புதிய வாகனங்களின் புகைபோக்கியிற் கரித்துகள் வடிகட்டி உண்டு. உலோகம் சேர்ந்த சேர்மானங்கள் சாம்பலை விட்டு அதனை அடைத்துவிடும். சிட்டையில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு எனக் குறித்திருப்பின், 60 லீற்றர் டீசலுக்கு 60 மில்லிலீற்றரே போதும். அளவை மிஞ்சுவதால் நன்மை மிஞ்சாது. சேர்மானத்தை முதலில் ஊற்றி அதன்மேற் டீசலை நிரப்பினால் நன்கு கலக்கும்.

புகை காட்டும் குறிகள்

கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும்; முதலிற் காற்று வடிகட்டியைப் பார்க்க. நீலப்புகை இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். இயந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை வருமாயின், எரியாத டீசலோ நீரோ காரணமாகலாம். தேய்ந்த வளையத்தையும் அடைபட்ட வடிகட்டியையும் எந்தப் போத்தலும் திருத்தாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மாலையில் வீடு திரும்புமுன் தாங்கியை நிரப்புக. நிறைந்த தாங்கியில் ஈரம் வியர்க்க இடமில்லை.

2. நிரப்பு நிலையத்தின் நிலக்கீழ்த் தாங்கியிற் பவுசர் எண்ணெய் இறக்கும் வேளையில் டீசல் அடித்தலைத் தவிர்க்க. அடிக் கசடு அப்போது கலங்கும்.

3. பீப்பாவைக் கூரையின்கீழ் வைத்து மூடியை இறுக்குக. நாகமுலாம் பூசிய கலங்களை விலக்குக. நாகம் டீசலுடன் தாக்கமுற்றுக் கசடு தரும்.

4. பீப்பாவின் அடியிலுள்ள சில அங்குல டீசலை வாகனத்துக்கு எடாது விடுக. புனலுக்கு நுண்ணிய வலையிடுக. நூல் உதிரும் சீலை ஆகாது.

5. நீர் பிரிப்பானின் கீழுள்ள திருகாணியை, இயந்திரத்தை நிறுத்திய பின், காலந்தோறும் திறந்து, சுத்த டீசல் வரும்வரை வடிக்க. வடித்ததைக் கிணற்றருகிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது.

6. நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி நீரை வடிக்க. சந்தை முடியட்டும் எனக் காத்திருத்தல் கூடாது.

7. டீசல் வடிகட்டியைக் கைந்நூலிற் கூறிய தவணையில் மாற்றுக. காலபோக, சிறுபோக அறுவடைக்கு முன் அதனைச் சோதித்தல் சிறந்தது.

ஒரு வடிகட்டியின் விலை, பழுதான பம்பியையும் இஞ்செக்டர்களையும் மாற்றும் செலவில் மிகச் சிறு பங்கு. சேர்மானத்துக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் வடிகட்டிக்கும் சுத்தமான கலத்துக்கும் செலவிடுக. அதன் பின்னும் தேவை காணின், தேவைக்கேற்ற வகையை உரிய அளவிற் சேர்க்கலாம்.