மிஞ்சிய கீரையை என்ன செய்யலாம்?



குழுக் கூட்டத்தில் சாப்பாடு பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "கடைஞ்ச கீரை மிஞ்சிப் போச்சுன்னா பிரிட்ஜ்ல வச்சு அப்புறம் சாப்பிடலாமா? பெரியவங்க கூடாதுங்கறாங்களே?"

கேட்பவர்தான் பெரும்பாலும் அந்த மிச்சத்தைச் சாப்பிடுகிறவர். பிள்ளைகளுக்கு வைக்க மனசு வராது, கொட்டவும் மனசு வராது. கடைசியில் நம் தட்டுக்குத்தான் வரும். லேசாகப் புளித்த வாடை அடித்தாலும், "சூடு பண்ணா சரியாயிடும்" என்று சாப்பிட்டுவிடுகிறோம். சரியாகாது. சில கிருமிகள் விடும் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

பெரியவர்கள் சொன்னதில் காரணம் உண்டு. கீரையில் இயற்கையாகவே நைட்ரேட் என்ற சத்து இருக்கிறது. வெந்த கீரை மணிக்கணக்கில் சட்டியிலேயே கிடந்தால் கிருமிகள் பெருகி அதை நைட்ரைட்டாக மாற்றும். ரத்தம் பிராணவாயுவை எடுத்துச் செல்வதை இது தடுக்கும் என்பதால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் "திரும்பச் சுட வைக்காதே" என்றது நல்ல புத்திதான். சீக்கிரமே குளிரில் வைத்துவிட்டால் இந்த மாற்றம் பெரும்பாலும் நடக்காது.

எனவே மிஞ்சிய பிறகு யோசிப்பதைவிட, இறக்கியதுமே எடுத்து வைப்பது மேல். தேங்காய் போடாமல், தாளிக்காமல், பருப்போடு கடைந்த கீரையாக இருந்தால் நன்றாக நிற்கும். அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். சமைத்த 2 மணி நேரத்துக்குள், சித்திரை வைகாசி வெயிலில் 1 மணி நேரத்துக்குள், ப்ரீசருக்குள் போய்விட வேண்டும். சாப்பிட்ட கரண்டி பட்டதை வைக்காதீர்கள்.

ஒரு வேளைக்கு வேண்டிய அளவு சின்னச் சின்ன டப்பாவில் போடுங்கள். உறைந்தால் உப்பும், அதனால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று சொல்லாதவர் யாரும் இல்லை, ஞாபகம் வைத்திருந்தவரும் இல்லை!

நம் வீட்டு ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ப்ரீசர் பல நேரம் மைனஸ் 18 டிகிரிக்குப் போவதில்லை. அதனால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. குளிரில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்.

எடுக்கும்போது வெளியே வைத்து உருக விட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு அப்படியே சட்டியில் போட்டுக் கொதிக்க விடுங்கள். அப்புறம் தாளியுங்கள். மிஞ்சினால் மறுபடி ப்ரீசர் கிடையாது. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. கீரையே மருந்தாகிவிடாது, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

6 மாதம் முடிந்து சோறு ஊட்ட ஆரம்பித்த குழந்தைக்கு எடுத்து வைத்த கீரை வேண்டாம். அன்றன்று சமைத்ததைக் கொடுங்கள்.

கரண்டு போனால்? கதவைத் திறக்காமல் இருங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருந்த சமயம் கரண்டு போய் வந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு. டம்ளரில் தண்ணீர் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கீரையைக் கொட்டிவிடுங்கள். அதைத் தின்று வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவோடு அன்றைய கூலியும் போகும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் வெந்த கீரையைச் சேமிக்க வழி இல்லை, அளவாகத்தான் சமைக்க வேண்டும். முருங்கைக்கீரை நிறையக் கிடைத்தால், சமைப்பதற்கு முன்பே கழுவி, நிழலில் மொறுமொறுவென்று உலர்த்திப் பொடித்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். குழம்பிலோ அடை மாவிலோ ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம்.