கழிபொருளிற் கிடைத்த சீரொளி

இலஞ்சி என்னும் சொற்குக் குளம் எனவும் மகிழமரம் எனவும் அகராதிகள் பொருள் கூறும். தென்காசியினின்று குற்றாலத்திற்குச் செல்வோர் வழியிற் காணும் இலஞ்சியூர், குமரவேள் கோயிலாலும் அருணகிரிநாதர் திருப்புகழாலும் தமிழுலகில் நன்கறியப்பட்டது. அதன் பெருமையை எழுதப் புகின் தமிழ் மாணவராகிய எமக்கு ஏடு போதாது. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டதோ வேறு பொருள். சென்ற விடுமுறையில், சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், அவ்வூரிலுள்ள எம் பாட்டியார் வீட்டுப் பின்கட்டில், யாமும் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரும் கழிபொருள்களைக்கொண்டு ஒரு சிறு லேசர் கருவி அமைத்தோம். அதனால் அறிந்தவற்றையும், அறியாமையால் எமக்கு நேரவிருந்த கேட்டினையும் ஒளியாது உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் படிப்பாருக்கு மின்கம்பி எதற்கு என நகைப்பாரும் உளர். நகைப்பாராக.

லேசர் என்பதனைக் கலைச்சொல் வகுத்தோர் சீரொளி என மொழிபெயர்த்தனர். சீர் என்னும் ஒரு சொல்லிலேயே பொருளின் இலக்கணம் முழுதும் அடங்கிவிட்டமையின், இதனினும் சிறந்த பெயரை யாம் காண்கிலேம். விளக்கொளி சந்தையிற் கூடிய மக்களை ஒப்பது. பல நிற அலைகள் அதில் உண்டு, ஒவ்வொன்றும் தான் வேண்டிய திசையிற் செல்லும். சீரொளியோ தேர்வடம் பிடிப்பாரை ஒப்பது. அதன் அலைகள் யாவும் ஏறத்தாழ ஒரே நீளத்தன. ஒருங்கே எழுந்து, ஒருங்கே தாழ்ந்து, ஒரே திசையிற் செல்வன. அணு ஒன்றன் மீது ஒளி படும்போது, அவ்வணுவும் தன்னிடத்துள்ள மிகை ஆற்றலை அவ்வொளியோடு ஒத்த ஒளியாகவே வெளிவிடல் கூடும் என ஐன்ஸ்டைன் 1917-இல் கணித்துக் கூறினார். அக்கணிதம் கருவியாக வடிவெடுக்க நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் மைமன் என்பார் அமெரிக்காவில் ஒரு மாணிக்கக் கோலினின்று முதற் சீரொளியை எழுப்பினார். 1962-இல் ராபர்ட் ஹால் என்பார் குறைகடத்திப் படிகத்தினின்றும் அதனைப் பெற்றார். ஆயினும் அது கடுங்குளிரில் வைத்தாலன்றி இயங்கவில்லை. அறையின் இயல்பான வெப்பத்தில் இடையறாது ஒளிரும் டையோடு 1970-இலேயே கைகூடிற்று. 1982-இற் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபின், ஆய்வுக்கூடத்தின் அரும்பொருளாயிருந்தது வீட்டுப்பொருள் ஆயிற்று. இந்நாளிற் பாட்டும் படமும் வேறு வழியாக வருதலின் தகடுகளை நாடுவார் அருகினர். அவற்றை இயக்கிய டிரைவுகள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு விலையாகின்றன. எமக்குக் கிடைத்ததும் அங்ஙனம் கிடைத்ததே: தகட்டைப் படிக்க மட்டும் வல்ல ஒரு டி.வி.டி. டிரைவ்.

அதனைத் திருப்புளியாற் கழற்றின் உள்ளே தண்டவாளம் போன்ற இரு கம்பிகளின் மீது முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு வண்டி இருத்தலைக் காணலாம். அதன்கண் மிளகளவினதாய ஒரு வில்லையும், அதன் பின்னே நெல்மணியினும் சிறிய உறைக்குள் டையோடும் உள்ளன. குறுந்தகட்டின் மீது குழிகள் சுருள் வரியாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த இரு வரிகட்கு இடைவெளி 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான். மைக்ரானாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. அத்துணை நுண்ணிய வரியினை வழுவாது தொடர்தற்கு ஒளியை ஒரு புள்ளியிற் குவித்தல் வேண்டும்; விளக்கொளியை அங்ஙனம் குவித்தல் இயலாது. குறுந்தகட்டிற்கு 780 நானோமீட்டர் அலைநீளமும் டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீளமும் உடைய ஒளி வேண்டும். முன்னது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு, பின்னது சிவப்பு. இவ்விரண்டையும் எழுப்பும் டையோடுகள் பல டிரைவுகளில் ஒரே உறைக்குள் இணைந்திருக்கும் என்பதனை வாசகர் நினைவிற் கொள்க.

முதல் டையோடு எமது அவசரத்தால் மாண்டது. மூன்று வோல்ட் மின்கலத்தோடு அதனை நேரே இணைத்தோம், இமைப்பொழுது பளிச்சிட்டது, பின்னர் மங்கிய சிவப்புப் பொட்டாகவே எரிந்தது. டையோடு சூடேறுந்தோறும் மின்னோட்டத்தை மிகுதியாக உட்கொள்ளும்; மிகுதியாக உட்கொள்ளுந்தோறும் மேலும் சூடேறும்; தடுப்பார் இல்லையெனின் ஒரு கணத்திற் கெடும். ஆதலின் மின்னோட்டத்தை ஓரளவில் நிறுத்துதற்கு எல்.எம். 317 என்னும் மூன்றுகாற் சில்லினை நண்பர் வாங்கி வந்தார். அச்சில்லு தன்னோடு இணைத்த மின்தடையின் இரு முனைகட்கிடையே எஞ்ஞான்றும் 1.25 வோல்ட் நிற்குமாறு காக்கும். எனவே 1.25-ஐத் தடையின் ஓம் அளவால் வகுக்க ஆம்பியர் கிடைக்கும். 33 ஓம் தடையை இட்டோம். 38 மில்லி ஆம்பியர் ஓடிற்று. உடலில் தேங்கும் நிலைமின்னும் இந்நுண்பொருளைக் கொல்லவல்லது. அதனால் இரண்டாம் டையோடின் கால்களை மெல்லிய செப்புக் கம்பியாற் சுற்றிப் பிணைத்து வைத்து, பற்றவைத்து முடித்த பின்னரே அக்கம்பியை நீக்கினோம். பற்றவைத்தற்கு எம் கை நடுங்கியது; நண்பர் கை நடுங்கவில்லை. அவ்வளவே இருவேம் கல்விக்கும் உள்ள வேற்றுமை.

இனி, எம் வாழ்நாளில் யாம் மறவாத ஒன்று. இரண்டாம் டையோடினை ஒன்பது வோல்ட் மின்கலத்தோடு சில்லின் வழியே இணைத்தபோது ஒளி சிறிதும் தோன்றவில்லை. அளவுமானி மட்டும் 38 எனக் காட்டிற்று. இதுவும் மாண்டதுபோலும் என எண்ணி, அதன் முகப்பில் விரிசல் உளதோ எனக் காணும் பொருட்டு யாம் குனிந்தோம். நண்பர் எம் தோளைப் பற்றிப் பின்னே இழுத்தார்; இழுத்த விசையிற் பாட்டியாரின் வெற்றிலைச்செல்லம் உருண்டது. அவர் தமது கைப்பேசியின் படக்கருவியை டையோடின் பக்கவாட்டில் வைத்துத் திரையைக் காட்டினார். அத்திரையில் ஊதாநிறமாக ஓர் ஒளி சுடர்விட்டது! மூன்று கால்களுள் அகச்சிவப்பிற்கு உரியதனைச் சிவப்பிற்கு உரியதென மயங்கி இணைத்துவிட்டோம். கண்ணுக்கு இருளாயிருந்த இடத்திற் சீரொளி முழு வீச்சில் எழுந்துகொண்டிருந்தது.

அதன் கேடு யாதெனின், கண்ணின் வில்லை புறத்திருந்து வரும் ஒளியை விழித்திரையின்கண் குவிப்பது. விளக்கொளி எத்திசையும் பரந்து செல்லுதலின் அதிற் சிறு கூறே கண்ணிற் புகும். சீரொளி முழுதும் ஒரு கதிராய்ப் புகுந்து, விழித்திரையில் ஊசிமுனையினும் சிறிய இடத்திற் குவியும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த இடம் மீளத் தளிர்ப்பதும் அன்று. புலனாகும் ஒளியாயின் ஏறத்தாழக் கால் வினாடியில் இமை மூடும். அக்கால் வினாடியைக் கருதியே 1 மில்லிவாட் வரையிலான புலனாகும் சீரொளியை ஓரளவு ஏதமற்றது என வகுத்தனர். அகச்சிவப்பிற்கு இமை மூடாது. காணாத ஒன்றனைக் கண்டு இமை எங்ஙனம் அஞ்சும்? தகட்டில் எழுதவல்ல டிரைவுகளின் சிவப்பு டையோடோ 100 மில்லிவாட்டினும் மிக்க ஒளியை உமிழ்வது. இமை மூடுமுன் அது தன் தொழிலை முடித்துவிடும். அதனை நாடிச் சென்று, தீக்குச்சி கொளுத்திக் காட்டி மகிழ்வார் செயலை யாம் பாராட்டுகிலேம். எவர்சில்வர்த் தம்ளரினின்றும் முகம்பார்க்கும் கண்ணாடியினின்றும் தெறித்து வரும் கதிரும் நேரே வரும் கதிரை ஒத்தே சுடும். வெயிற்கண்ணாடி அணிவதாற் பயனில்லை; அலைநீளத்திற்கு ஏற்பச் செய்த காப்புக்கண்ணாடியே வேண்டும். சந்தையில் மலிவாக விற்கும் பச்சைக் கதிர்க்கோல்களிலும் ஒரு மறைபொருள் உண்டு. அவற்றின் பச்சை, 808 நானோமீட்டர் டையோடாற் படிகத்தைத் தூண்டி, அதில் எழும் 1064 நானோமீட்டர் ஒளியைப் பாதியாக்கிப் பெறுவது. மூல அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை இடாது விட்டால் அதுவும் உடன் வரும். குழந்தைகள் கையில் அக்கோல் இருத்தலைக் காணுந்தோறும் எமக்கு அந்த வெற்றிலைச்செல்லம் உருண்ட ஓசையே நினைவிற்கு வருகிறது.

அதன்பின் முறையாக நடந்தோம். கருவியை மரப்பெட்டிக்குள் இறுக்கினோம். சிவப்பிற்குரிய காலை இணைத்து, படக்கருவியாற் சோதித்து, பின்னரே மூடியைத் திறந்தோம். வெறுங்கண்ணாடித் துண்டு ஒன்றைக் கதிரின் குறுக்கே சற்றே சாய்த்து வைத்தோம். கண்ணாடியின் இரு முகமும் சேர்ந்து நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு ஒளியையே திருப்பும். எஞ்சியதனைக் கரிபூசிய பெட்டி விழுங்கிற்று. திருப்பிய மெல்லிய கதிரைக்கொண்டே அளவைகளைச் செய்தோம்.

முதலில் எம் தலைமயிர் ஒன்றைக் கதிரின் குறுக்கே நிறுத்தினோம். இரண்டு மீட்டர்க்கு அப்பாலுள்ள சுவரில் ஒளியும் இருளும் மாறிமாறி நிரல்பட்டன; அடுத்தடுத்த இருள்கட்கிடையே 19 மில்லிமீட்டர் இருந்தது. அலைநீளத்தைத் தொலைவாற் பெருக்கி இவ்விடைவெளியால் வகுக்க, மயிரின் கனம் 68 மைக்ரான் என வந்தது. மயிரிழை என்னும் வழக்கிற்கு ஓர் எண் கிடைத்தமை தமிழ் மாணவர்க்குச் சிறு செல்வமன்று. அடுத்து, குறுந்தகட்டின் மீது கதிரை நேரே வீழ்த்தி, 20 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்திய அட்டையிற் பார்த்தோம். நடுப்புள்ளியினின்று 9 சென்டிமீட்டரில் மற்றொரு புள்ளி விழுந்தது. டி.வி.டி.யை வைத்தபோது அது 37 சென்டிமீட்டருக்கு விலகிற்று. கோணம் கண்டு கணிக்க, முறையே ஏறத்தாழ 1.6, 0.74 மைக்ரான் என்னும் அவ்விரு அளவுகளே வந்தன. நூலிற் படித்த எண் அட்டைத் துண்டின் மீதும் அளவுகோலாற் கிடைத்தபோது நண்பர் ஒன்றும் பேசாது இருந்தார்.

ஒளியைப் பொருளின்மீது வீழ்த்தி அதன் உள்ளியல்பை அறியும் கலையில் நம் தென்னாட்டிற்கும் பங்குண்டு. இலஞ்சிக்கு வடக்கே இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898-இற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் அவரை மறத்தல் தகாது. அவர் கல்கத்தாவில் சி. வி. ராமனோடு கூடி, கதிரவன் ஒளியை நிற வடிகட்டியின் வழியே நீர்மங்களிற் செலுத்தி, பக்கவாட்டிற் சிதறும் ஒளியில் நிறம் மாறிய சிறு கூறு உளதோ என இருளறையில் நோக்கினார். கோடியில் ஒரு கூறு என்னுமளவிற்கு மெலிந்தது அது. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் தெளிந்த அவ்வுண்மையே ராமன் விளைவு. 1930-இல் ராமனுக்கு நோபெல் பரிசும் வந்தது. அவர்கட்குச் சீரொளி வாய்க்கவில்லை. இன்று அவ்வாய்வைச் சீரொளியின்றிச் செய்வார் அரியர்.

இறுதியாகச் செய்தது எளியது. ஆயினும் வீட்டார் அனைவரும் கூடியது அதற்கே. இலஞ்சி என்னும் பெயர்க்கேற்பக் குளத்துநீர் சிறிது கொணர்ந்து, ஊசியில்லா மருந்துக்குழலில் நிறைத்து, அதன் நுனியில் ஒரு துளி விழாது தொங்குமாறு செய்தோம். இம்முறை கண்ணாடித் துண்டை நீக்கி, அனைவரையும் கருவிக்குப் பின்னே அமர்த்தி, கதிரை அத்துளியின் ஊடே செலுத்தினோம். துளியே வில்லையாயிற்று. சுவரில் ஒரு பெருஞ்சிவப்பு வட்டம் விரிந்தது. அதனுள் பல நூறு மடங்கு பெருகிய நிழலுருக்கள், வளையங்கள் சூழ, நெளிவனவும் பாய்வனவும் சுழல்வனவுமாய்த் திரிந்தன. "ஏலே, இதையா நம்ம மாடு குடிக்கி?" என்றார் பாட்டியார். பின்னர், அடுக்களைப் பானையிலுள்ள கிணற்றுநீரையும் காட்டுமாறு பணித்தார். காட்டினோம், தூசியின் நிழல்களே அசையாது நின்றன. அவர் முகம் தெளிந்தது. அந்நேரம் சாரல் வலுத்து ஊர் முழுதும் மின்சாரம் நின்றது. எம் கருவி மின்கலத்தால் இயங்குவதாதலின் சுவரிலுள்ள வட்டம் முன்னினும் ஒளிர்ந்தது. குளத்துநீரை மறுபடியும் வைக்கச் சொன்னார் பாட்டியார்.