சேவற்குஞ்சையும் பெட்டைக்குஞ்சையும் இறகினால் அறியும் விதம்

கோழி வளர்ப்பதற்காகச் சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் அக்கடனை அடைப்பது பெரும்பாலும் முட்டை விற்ற பணத்தினாலேயாம். மதுரை ஆரப்பாளையத்தைச் சூழ்ந்தும், வைகைக் கரையோரமாகச் சோழவந்தான் வரையிலும் உள்ள ஊர்களில் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பது நெடுநாள் வழக்கம். புதிதாகத் தொடங்குவோர் இரண்டு மூன்று மாதக் குஞ்சுகளைச் சந்தையில் வாங்குவர். விடைக்கோழி என்று நம்பி வாங்கிய பத்தில் இரண்டு, சில வாரங்களில் கூவத் தொடங்குமாயின் நஷ்டம் எவ்வளவு? நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 60 முட்டை இடும். ஆகவே நூறு முட்டைக்கு மேல் வரவில் குறையும். தின்ற தீனியோ திரும்பாது. இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி அக்குஞ்சின் உடம்பிலேயே இருக்கிறது.

கொண்டையும் பருமனும்

கொண்டை சிவந்து பெருத்திருந்தால் சேவல் என்பது பொதுவான கொள்கை. இது முழுதும் பொய்யன்று. ஆயினும் போதிய சான்றுமன்று. நோயுற்ற சேவற்குஞ்சின் கொண்டை வெளுத்துச் சிறுத்திருக்கும். முட்டையிடும் பருவத்தை நெருங்கிய பெட்டையின் கொண்டையோ சிவந்து காணும். கால் பருமனும் உடற்பருமனும் இனத்திற்கு இனம் வேறுபடும். பெருவிடை இனத்துப் பெட்டை, சிறுவிடை இனத்துச் சேவலினும் பெரிதாயிருக்கக் கூடும்.

பார்க்க வேண்டிய இறகு

இறகுகளுள் முக்கியமாகக் கவனிக்கத் தக்கது இடுப்பிறகு. குஞ்சைக் கையில் அமைதியாகப் பிடித்துக்கொண்டு, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில், இருபக்கமும் விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். குஞ்சுப் பருவத்து இறகுகள் இருபாலுக்கும் நுனி உருண்டே இருக்கும். அவை உதிர்ந்து புதியவை முளைக்கும்போதுதான் வேறுபாடு தோன்றும். சேவலுக்குப் புதிதாக முளைப்பது ஒடுங்கி, நீண்டு, ஈட்டி முனைபோலக் கூர்மையாய் மினுமினுக்கும். பெட்டைக்கு முளைப்பது அகன்று, நுனி உருண்டிருக்கும்.

இக்குறி பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் புலப்படும். இங்கு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. கூரிய இடுப்பிறகு ஒன்றிரண்டு கண்டாலும் அது சேவல் எனக் கொள்ளலாம். ஆனால் எட்டு வாரக் குஞ்சில் கூரிய இறகு காணப்படாமை மாத்திரத்தால் அதைப் பெட்டை எனத் துணிதல் கூடாது. பன்னிரண்டு வாரம் கடந்தபின் புதிய இறகும் உருண்டே இருப்பின் பெட்டை என்று பெரும்பாலும் நம்பலாம்.

பின்னர்ச் சேவலின் கழுத்திறகும் அவ்வாறே கூர்மை அடையும். வாலில் அரிவாள்போல் வளைந்த இறகுகள் எழும். பல நிறக் கோழிகளில் சேவலின் தோளிலும் முதுகிலும் செம்மையும் பொன்னிறமும் பளபளக்கும். வெள்ளைக் கோழியில் நிறம் உதவாது. நுனியின் வடிவமே வழிகாட்டும்.

காரணம்

பெட்டையின் சினைப்பையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சுரப்பே இறகின் நுனியை உருட்டுகிறது. சினைப்பை நீக்கப்பட்ட பெட்டைக்குச் சேவலிறகு முளைப்பதைப் பரீட்சைகள் காட்டியுள்ளன. விதையடித்த சேவலோ கொண்டை சுருங்கியும் தன் இறகை இழப்பதில்லை. சீமையில் ஸீப்ரைட் என்னும் சிறு இனத்தில் சேவலுக்கும் பெட்டையிறகே உண்டு. இத்தகைய விலக்குகள் அரியன.

ஒருநாள் குஞ்சு

பொரித்த ஓரிரு நாளில் சிறகிறகின் நீளத்தைக் கொண்டு பால் பிரிக்கும் முறையும் உண்டு. பெட்டைக்குச் சிறகின் பெரிய இறகுகள், அவற்றை மூடும் சிற்றிறகுகளைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒத்தோ, பெரியவை குறுகியோ இருக்கும். ஆனால் விரைவில் இறகு முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் வேண்டுமென்றே சேர்த்துப் பெற்ற குஞ்சுகளுக்கே இது பொருந்தும். அவ்வாறே ரோட் ஐலண்டு சிவப்புச் சேவலையும் லைட் ஸஸெக்ஸ் பெட்டையையும் சேர்த்தால், வெண்மையான குஞ்சு சேவலாகவும் செம்பொன் நிறக் குஞ்சு பெட்டையாகவும் அமையும். கலப்பாய்த் திரியும் நாட்டுக்கோழியின் குஞ்சுக்கு இவ்விரண்டும் பயன்படா. ஆதலால் சந்தையில் ஒருநாள் நாட்டுக்குஞ்சின் சிறகை விரித்துக் காட்டிப் பெட்டை என்று அதிக விலை சொல்வோரை நம்ப வேண்டுவதில்லை. பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல் என்றே கணக்கிட்டு விலை பேசுதல் நலம்.

பிரித்தபின் செய்யத்தக்கது

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நல்ல உடலும் சுறுசுறுப்பும் உள்ளதை அடைக்கு வைக்கும் முட்டைக்காக நிறுத்திக்கொண்டு, எஞ்சியவற்றைத் தனியே அடைத்து, தீனியிட்டு, இறைச்சிக்குத் தக்க எடையில் விற்றுவிடலாம். சேவலோடு சேராத பெட்டையும் முட்டையிடும்; அம்முட்டையில் கரு வளராது; ஆகவே மதுரை வெயிலில் அது அதிக நாள் கெடாதிருக்கும். விற்பனைக்கு முட்டை சேர்க்கும் சங்கங்களுக்கு இது பெரிய அநுகூலம். மார்த்தாண்டத்தில் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.ஸி.ஏ. கிராம புனருத்தாரண நிலையம் முட்டைகளைக் கூட்டாக விற்கும் முறையை 1930-க்கு முன்பின்னான ஆண்டுகளிலேயே கிராமத்தாருக்குப் பழக்கியது.

கடன் பணத்தோடு சந்தைக்குச் செல்லும் அங்கத்தினர், மூன்று மாதம் நிறைந்த குஞ்சாகப் பார்த்து, ஒவ்வொன்றின் இடுப்பிறகையும் விலக்கிப் பார்த்த பிறகே விலை பேசுவாராக. அரை நிமிஷத்து வேலை, ஓராண்டுத் தவணையைக் காக்கும்.