சகோதரிகள் கேட்கத் தயங்கும் ஒரு காரியம்



இம்மாதப் பாடம் ஆலய மேடையில் பேசப்படாத ஒன்று. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட சகோதரிகள், சில மாதம் கழித்து எங்களோடு வரும் நர்ஸ் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள்: "அவரு பக்கத்துல வந்தாலே எரிச்சலா இருக்கும்மா. மனசே போகலை." இதைப் பாவமென்று எண்ணி ஜெபிக்கக் கேட்பவர்களும் உண்டு. புருஷனோ வேறு விதமாகச் சந்தேகப்படுகிறான். ஜெபிக்கிறோம். சரீரத்தில் நடந்தது என்ன என்பதையும் சொல்லுகிறோம்.

'இச்சை' என்றாலே மாம்சத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 7-ஆம் அதிகாரத்தில் பவுல், தாம்பத்தியக் கடமையைப் புருஷனுக்கும் மனைவிக்கும் சமமாகவே வைக்கிறார். மனைவியின் நாட்டம் குறைந்தால் அதையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

கர்ப்பப்பை வேறு, அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகள் வேறு. பிள்ளையைச் சுமப்பது கர்ப்பப்பை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரப்பது சினைப்பை. ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் டெஸ்டோஸ்டிரோனும் பெண்ணுடலில் சிறிதளவு உண்டு. அதில் ஏறக்குறைய பாதி சினைப்பையிலிருந்தே வருகிறது. நாட்டத்தில் அதற்கும் பங்குண்டு. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 46, 47 வயதில் மெதுவாக வரவேண்டிய மாதவிலக்கு நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் போகும், பிறப்புறுப்பு வறண்டு சேர்க்கையில் வலிக்கும். வலிக்குப் பயந்த மனது விலகத்தானே செய்யும்! எலும்பும் சீக்கிரம் தேயும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிலக்கு நிறுத்தம் முந்தி வருவதுண்டு.

எதிர்மாறாகவும் நடக்கும். கட்டியாலும் பெரும்பாட்டாலும் வருஷக்கணக்கில் அவதிப்பட்ட பெண்ணுக்கு, ஆபரேஷனுக்குப் பின் தாம்பத்தியம் சீராகிவிடலாம். ஆகவே தேவையான ஆபரேஷனைக் கண்டு பயப்படவேண்டாம். நாம் பயப்படவேண்டியது தேவையில்லாததற்கு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019-இல் விசாரித்தபோது, 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது, ஆறில் ஒருத்தி! மாதவிலக்கினால் ஒரு நாள் கூலியும் போகக்கூடாதே என்ற நெருக்கடி அதற்குப் பின்னால் இருந்தது. பாகூர் வயல்களில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கும் ஒரு நாள் கூலி ஒரு நாள் கூலிதான். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி கட்டளையிட்டது.

நாட்டம் குறைவதற்கெல்லாம் ஹார்மோனே காரணமல்ல. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு மாத்திரை இவற்றையும் பார்க்கவேண்டும். குடித்துவிட்டு வருகிற புருஷன், மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்திருக்கும் ஒற்றை அறை: இவைகளுக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

வறட்சிக்கு டாக்டர் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்ல பலன் தரும். இளவயதில் சினைப்பை இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், ஏறக்குறைய 50 வயதுவரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுண்டு. கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. ஜிப்மரில் பெண்நோய்ப் பிரிவு இருக்கிறது, வெட்கப்படாமல் போகலாம்.

உங்கள் சபைச் சகோதரி யாராவது ஆபரேஷனுக்குப் போகிறாரென்றால், "சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன்?" என்று முன்னதாகவே கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே முடிந்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாய் வைத்திருக்கட்டும். எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது அதில்தான் எழுதியிருக்கும்.