கரியில் கண்ட கதிரவன்

ஆராய்ச்சி அழகுக்குப் பகை என்று கருதுவோர் உளர். மலரைப் பிரித்து ஆராய்பவன் அதன் எழிலை இழந்துவிடுவான் என்பது அவர்தம் எண்ணம். இது பொருந்துமா என்பதைச் சிறிது சிந்திப்போம்.

1921-ஆம் ஆண்டில் சர். சி. வி. இராமன் மத்தியதரைக் கடலில் கப்பற் பயணம் செய்தார். அக்கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் காரணத்தை நாடினார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்தலும் ஒரு காரணம் எனக் கண்டார். காரணம் தெரிந்தபின் கடலின் நீலம் குன்றியதோ? இல்லை, அழகே அங்கு ஆராய்ச்சிக்குத் தாயாயிற்று.

கடல் இயல்பாகவே எழில் மிக்கது. கண்ணுக்கு எழிலற்ற பொருளிலும் அறிவு அழகைக் காட்டுமோ? விடை காண நெய்வேலிக்குச் செல்வோம்.

கடலூர் மாவட்டத்தில் உள்ளது நெய்வேலி. 1956-இல் இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேலே கிடந்த மண்ணை அகற்ற அகற்ற, 1961-இல் கரிப்படலம் வெளிப்பட்டது.

அக்கரியில் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்புக் கலந்த கருமை, பளபளப்பு இல்லை, கையில் கறை படிகிறது. 'இதில் அழகு யாது?' எனக் கண் வினவுகிறது. விடை தருவது நிலவியல்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்குச் சதுப்பு நிலக் காடு செழித்திருந்தது. இலைகள் கதிரவன் ஒளியைப் பருகி, கரியமில வாயுவையும் நீரையும் உணவாக்கின. மரங்கள் முதிர்ந்து நீரில் வீழ்ந்தன. பிராணவாயு போதிய அளவு கிட்டாமையால் அவை முற்றும் மட்கவில்லை. அவற்றின்மேல் மணலும் களிமண்ணும் படிந்தன. அழுத்தமும் வெப்பமும் அவற்றைக் கரியாக்கின. சில கட்டிகளில் மரத்தின் வரிகளை இன்றும் காணலாம். உருப்பெருக்கியில் நோக்கினால், அந்நாளில் மலர்ந்த மலர்களின் மகரந்தத் துகள்களும் தென்படும்!

இதனை அறிந்தவனுக்கு அக்கட்டி வெறுங்கரி அன்று, உறங்கும் காடு. அதனை எரித்துப் பெற்ற மின்சாரத்தால் ஒளிரும் விளக்கில், பண்டைக் கதிரவனின் ஒளியே மீண்டும் வெளிப்படுகிறது.

ஆயினும், அறிவு வியப்போடு அமைவதில்லை, விலையையும் உணர்த்துகிறது. நெடுங்காலம் சேர்ந்த கரி நொடியில் எரிகிறது. அன்று இலைகள் ஈர்த்த கரியமில வாயு மீண்டும் காற்றிற் கலந்து உலகை வெப்பமாக்குகிறது. சுரங்கத்திற்காக வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுச் சென்ற குடும்பங்களும் பல. இவற்றை உணர்ந்தவன் ஒரு விளக்கையும் வீணே எரியவிடான்.

கண் காண்பது புறத்தழகு. அறிவு காண்பது அகத்தழகு. அறிவால் அழகு அழிவதில்லை. அதனைக் காக்கும் கடமையும் அறிவாலேயே பிறக்கிறது.